குரா மரமும் செங்கோலும்

திருப்பருத்திக்குன்றம் சென்று திரைலோக்கியநாதரை வணங்கியவர்கள், அங்கே மேடை கட்டிக் காக்கப்பெறும் குரா மரத்தையும் வலம் வந்திருப்பார்கள். அம்மரத்தைப் பற்றிய வெண்பா ஒன்று அக்கோயிலில் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளது. தன் அளவில் குறையவும் செய்யாமல், அளவு கடந்து உயரவும் செய்யாமல் நிற்கும் தருமக் குரா, நாட்டை ஆளும் மன்னனது செங்கோலின் நலத்தைக் காட்டுகிறது என்பது அதன் கருத்து. நம்மில் பலர் இதனைத் தலத்தின் பெருமை கூறும் செய்தியாகக் கேட்டு மகிழ்ந்து அமைகிறோம். சற்றே நின்று எண்ணினால், அதில் ஓர் அரசியல் தத்துவமே அடங்கியிருப்பது புலப்படும். செங்கோலுக்கு உவமை தேடிய புலவர் சிங்கத்தையோ ஞாயிற்றையோ மாமலையையோ நாடவில்லை. அளவறிந்து நிற்கும் ஒரு மரத்தை நாடினார்.

உலகில் மனிதர் கண்ட ஆட்சி முறைகள் பல. ஒருவன் முடிசூடி ஆண்டதும், சில குடும்பத்தார் கூடி ஆண்டதும், படைத்தலைவர்கள் பறித்து ஆண்டதும், கடல் கடந்து வந்த வணிகர்கள் பேரேட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஆண்டதும், மக்கள் வாக்களித்துத் தேர்ந்தவர்கள் ஆள்வதும் வரலாற்றில் உண்டு. இவற்றுள் பெரும்பாலானவற்றைக் கண்ட ஊர் காஞ்சி. பல்லவர், சோழர், விசயநகர வேந்தர், ஆர்க்காட்டு நவாபு, கிழக்கிந்தியக் கும்பினி, ஆங்கில முடியரசு, இன்றைய குடியரசு என்று ஆண்டவர் மாறிக்கொண்டே வந்தனர். தறியும் கோயிலும் இடம் பெயராமல் இருந்தன.

இவ்வாட்சிகளுள் எது நல்லது என்று பொதுப்படக் கேட்பது பள்ளி மாணவரின் சொற்போருக்கு ஏற்ற வினா. நாம் கேட்க வேண்டியது இன்னும் சற்றுக் கூர்மையானது. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்கள் 7 கோடியே 21 லட்சம். அவர்களுள் சமணர், வடநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களையும் சேர்த்து, ஏறத்தாழ 89 ஆயிரம். எண்ணூறு பேர் கூடிய இடத்தில் நம்மவர் ஒருவர். தானே ஆளும் வாய்ப்பில்லாத இத்தகைய சிறு சமுதாயம், எவ்வகை ஆட்சியை நல்லாட்சி என்று கொள்வது?

நம் ஆகமங்கள் ஆட்சியின் தோற்றத்தைக் கூறும் முறையை முதலில் நினைவு கொள்வோம். ஸ்ரீபுராணம் படிக்கக் கேட்டவர்கள் குலகரர்களின் வரலாற்றை அறிவர். போகபூமிக் காலத்தில் கற்பகத் தருக்கள் வேண்டியதெல்லாம் தந்தன. அரசனும் இல்லை, வழக்கும் இல்லை. காலம் தேயத் தருக்களும் குறைந்தன. ‘இது என் மரம், அது உன் மரம்’ என்ற பூசல் எழுந்தது. அப்போது தோன்றிய ஐந்தாம் குலகரர் சீமங்கரர் என்றும் ஆறாம் குலகரர் சீமந்தரர் என்றும் பெயர் பெற்றனர். (விதேக க்ஷேத்திரத்துச் சீமந்தர சுவாமி வேறு.) சீமை என்றால் எல்லை. மரங்களுக்கு எல்லை வகுத்தவர்கள் என்பதால் அப்பெயர். ஆகவே, நம் மரபின்படி ஆட்சி என்பது பிறக்கும்போதே எல்லை வகுக்கும் தொழிலாகப் பிறந்தது.

அக்காலத் தண்டனைகளும் எண்ணிப் பார்க்கத்தக்கவை. முதல் ஐந்து குலகரர் காலத்தில் ‘ஹா’ என்ற ஒரு சொல்லே தண்டனை. ‘அந்தோ, இப்படிச் செய்தாயே’ என்பது அதன் பொருள். அடுத்து வந்த ஐவர் காலத்தில் அது போதவில்லை. ‘இனிச் செய்யாதே’ என்னும் ‘மா’ சேர்ந்தது. பின்னர் இழித்துரைக்கும் ‘திக்’ என்பதும் வேண்டியதாயிற்று. உடலை வருத்தும் தண்டனையும் சிறையும் பரத சக்கரவர்த்தி காலத்தில் வந்தன. 1651-இல் ‘லெவியாதன்’ என்ற நூலை எழுதிய ஆங்கில அறிஞர் ஹாப்ஸ், அரசு இல்லாத நிலையில் மனிதர் ஒருவரையொருவர் அஞ்சிப் பொருதுகொண்டே இருப்பர், அந்த அச்சமே அரசைப் படைத்தது என்றார். நம் முன்னோர் அச்சத்தை முதலில் வைக்கவில்லை, ஆசையை வைத்தார்கள். ஆசை வளர வளர நாணம் குன்றியது. நாணம் குன்றிய அளவுக்குக் கோல் நீண்டது. இதனால் விளங்குவது ஒன்று உண்டு. கோல் நீண்டிருப்பதை நம் புராணம் பெருமையாகப் பேசவில்லை. மக்கள் தாழ்ந்ததன் அடையாளமாகவே காட்டுகிறது.

கிரேக்க நாட்டு அரிஸ்டாட்டில் ஆட்சிகளை வகைப்படுத்த இரண்டு வினாக்களை எழுப்பினார். ஆள்பவர் ஒருவரா, சிலரா, பலரா என்பது முதல் வினா. எவர் நலனுக்காக ஆள்கின்றனர் என்பது இரண்டாவது. ஒருவர் ஆட்சியும் பொதுநலம் கருதினால் நன்று. பலர் ஆட்சியும் தன்னலம் கருதினால் தீது. பாடநூல்கள் முதல் வினாவையே பெரிதாக்கி அட்டவணை இட்டுவிட்டன. இரண்டாவதே உயிரானது என்பது என் எண்ணம். ஆயினும் அடிமைகளையும் பெண்களையும் ஆள்பவர் கணக்கில் அவர் சேர்க்கவில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

நம் ஆசாரியர்களும் இத்துறையில் வாளா இருந்தாரில்லை. பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த சோமதேவசூரி ‘நீதிவாக்கியாமிர்தம்’ என்ற அரசியல் நூலை இயற்றினார். அறம், பொருள், இன்பம் ஆகிய பயன்களைத் தரும் அரசுக்கு வணக்கம் கூறி அந்நூலைத் தொடங்குகிறார். திகம்பர முனிவர் ஒருவர் அரசை வணங்கித் தொடங்குவதா என்று வியப்பவர் உண்டு. கையில் ஏற்கும் ஒரு கவளம் துறவிக்கு அச்சமின்றிக் கிடைக்க வேண்டுமானால், அதனை இடும் இல்லறத்தான் அச்சமின்றி வாழ்ந்தாக வேண்டும் அன்றோ? அவ்வாழ்வைக் காப்பதால்தான் அரசு வணக்கத்துக்கு உரியதாகிறது.

இனிக் காஞ்சிக்கு வருவோம்.

பள்ளன்கோயில் செப்பேடுகள் நம்மவர்க்கு நன்கு அறிமுகமானவை. பல்லவ மன்னன் சிம்மவர்மன், பருத்திக்குன்றில் இருந்த நந்தி சங்கத்து வச்சிரநந்தி ஆசாரியருக்கு நிலதானம் அளித்ததை அவை கூறுகின்றன. ஆறாம் நூற்றாண்டுச் செய்தி இது. அவன் மகன் சிம்மவிஷ்ணு. சிம்மவிஷ்ணுவின் மகன் முதலாம் மகேந்திரவர்மன். தொடக்கத்தில் அருகநெறியைச் சார்ந்திருந்த பல்லவ மன்னன் பின்னர் நாவுக்கரசரால் சைவனாகி, பாடலிபுரத்துச் சமணப் பள்ளியை இடித்து, அக்கல்லைக் கொண்டு திருவதிகையில் கோயில் எடுத்தான் என்று பெரியபுராணம் கூறுகிறது. அம்மன்னன் மகேந்திரனே என்பது வரலாற்றாசிரியர் பலரின் கொள்கை. பெரியபுராணம் ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின் எழுந்த நூலாதலின் அதில் எவ்வளவு வரலாறு, எவ்வளவு பக்தி என்ற ஆராய்ச்சிக்குள் புக வேண்டியதில்லை. அக்கதையில் பாதியே உண்மையானாலும் நமக்குப் பாடம் ஒன்றுதான். பாட்டன் மனம் உவந்து தந்தான்; பேரன் மனம் மாறினான். இருவரும் ஒரே குலத்தார். ஒரே அரியணையில் இருந்தவர்கள். அரசனுடைய அன்பில் வேரூன்றிய வாழ்வு அவ்வன்பு உள்ள வரையில்தான் நிற்கும்.

நீதி வழுவாமல் கூற வேண்டுமானால் மகேந்திரனைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவன் இயற்றிய ‘மத்தவிலாசம்’ என்ற அங்கத நாடகம் காஞ்சித் தெருக்களிலேயே நடக்கிறது. திருட்டு வழக்கை அறங்கூறவையத்துக்குக் கொண்டு செல்லலாம் என்ற பேச்சு வரும்போது, விகாரைகளின் செல்வம் படைத்தவன் அங்குள்ளோர் வாயை அடைத்துவிடுவான், ஏழையான எனக்கு அங்கே என்ன வழி என்கிறான் காபாலிகன். தன் தலைநகரத்து நீதி விலைபோகக் கூடும் என்று ஒரு பாத்திரத்தைப் பேசவைத்த அரசன் உலக வரலாற்றில் அரியன். தன்னைக் குறைகூறும் சொல்லுக்கு இடம் விடுவதும் அளவறிதலின் ஒரு கூறே.

பல்லவ குலத்தில் நேர் வாரிசு அற்றுப்போன காலத்தில் நடந்தது இன்னும் சுவையானது. ஏறத்தாழ 731-இல் இரண்டாம் பரமேசுவரவர்மன் இறந்தபின், அமைச்சர்களும் கடிகையாரும் குடிமக்களின் முதல்வர்களும் கூடிக் கிளைமரபினனான இரணியவர்மனிடம் சென்று அரசன் ஒருவனைத் தருமாறு வேண்டினர். அவன் புதல்வர் நால்வருள் மூவர் மறுத்தனர். பன்னிரண்டு வயதுச் சிறுவனான பல்லவமல்லன் இசைந்தான். அவனே இரண்டாம் நந்திவர்மன். அறுபத்தைந்து ஆண்டுகள் ஆண்டான். இந்நிகழ்ச்சிகள் அனைத்தும் காஞ்சி வைகுந்தப் பெருமாள் கோயில் திருச்சுற்றில் வரிசையாகச் சிற்பங்களாகச் செதுக்கப்பட்டு, விளக்க எழுத்துகளும் பொறிக்கப்பட்டுள்ளன. பிறப்பால் மட்டும் அரசனாகவில்லை, ஊர் வேண்டியதால் அரசனானேன் என்பதை மறைக்காமல் கல்லில் எழுதிவைத்த வேந்தன் அவன்.

அவன் காலத்திலேயே சாளுக்கிய இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைக் கைப்பற்றினான். வென்றவன் சூறையாடுவதே அன்றைய வழக்கம். அவனோ கைலாசநாதர் கோயிலின் செல்வத்தைக் கண்டபின், அதனைக் கவராது கோயிலுக்கே திரும்ப அளித்தான். அதனைக் கூறும் கன்னடக் கல்வெட்டு இன்றும் அக்கோயிலில் உள்ளது. வந்தவன் பகைவன், எனினும் எதை எடுக்கலாகாது என்று அறிந்திருந்தான். ‘நம்மவன் ஆட்சி நல்லாட்சி, அயலான் ஆட்சி கொடுங்கோல்’ என்று எளிதாகப் பிரித்துவிட முடியாதபடி காஞ்சியின் கற்கள் நம்மைத் தடுக்கின்றன.

குடியாட்சி பற்றிப் பேசுவோர் அனைவரும் காஞ்சியை அடுத்துள்ள உத்தரமேரூரைக் குறிப்பிடாமல் இரார். மேடைகளில் அடிக்கடி பேசப்படுவதால் அதன் உண்மைச் சிறப்பு மங்கிவிட்டது. முதலாம் பராந்தக சோழனின் 12-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 919-இல், அவ்வூர்ச் சபை வாரியங்களுக்கு ஆள் தேரும் விதிகளை வகுத்தது. இரண்டே ஆண்டுகளில், 921-இல், அவற்றைத் திருத்தி அமைத்தது. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும், முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்கு உட்பட்ட வயதும் உடையவர்களின் பெயர்கள் ஓலையில் எழுதிக் குடத்தில் இடப்பட்டன. குடம் வெறுமையாக உள்ளதை எல்லாரும் காண ஒரு முதியவர் உயர்த்திக் காட்டுவார். ஒன்றும் அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுப்பான். அதனை மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்று வாசிப்பான். விரலை மடக்கினால் ஓலையை மாற்ற இடமுண்டாம்! மனித இயல்பை இவ்வளவு நுட்பமாக அறிந்து எழுதிய சட்டங்கள் எவ்வளவு இருக்கும் என்று தெரியவில்லை.

எனினும் என் மனத்தைக் கவர்ந்தது வேறொரு விதி. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர்கள் தகுதி இழந்தனர். அவர்கள் மட்டுமா? அவர்தம் உடன்பிறந்தார், தாயின் உடன்பிறந்தாள் மக்கள், தந்தையின் உடன்பிறந்தாள் மக்கள், மாமன், மாமனார், மருமகன் என்று நெருங்கிய உறவினர் பெயர்களும் குடத்தில் இடப்படலாகாது. கடந்த மூன்றாண்டுகளில் வாரியம் செய்தவர்க்கும் இடமில்லை. பதவி ஒரு குடும்பத்தின் சொத்தாகிவிடும் என்பதை ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே அவர்கள் அறிந்திருந்தனர். நம் அணுவிரதங்களுள் ஐந்தாவதான மிகுபொருள் விரும்பாமையைப் பொன்னுக்கும் நிலத்துக்கும் மட்டுமே நாம் கொள்கிறோம். அதிகாரமும் ஒரு பரிக்கிரகமே; அதற்கும் வரையறை வேண்டும். உத்தரமேரூர்ச் சபையார் சமணர் அல்லர். எனினும் அதிகாரத்துக்குப் பரிமாணம் வகுத்த வகையில் அவ்விரதத்தின் கருத்தைச் சட்டமாக்கினார்கள்.

இங்கே நின்றுவிட்டால் மேடைப் பேச்சோடு முடிந்துவிடும். அக்குடத்தில் எவர் பெயர் இல்லை என்றும் கேட்டாக வேண்டும். அவ்வூர் ஒரு சதுர்வேதிமங்கலம். சபை அந்தணர் சபை. வயலில் உழைத்த உழவர், நெய்தவர், வண்ணார், குயவர் எவரும் அதில் இல்லை, பெண்களும் இல்லை. வேத மார்க்கத்தைச் சாராத சமணனுக்கும் அங்கே ஓலை கிடையாது. பிற ஊர்களில் ஊரார் கூடிய அவையும், வணிகர் ஊர்களில் நகரத்தார் அவையும் இருந்தன என்பது உண்மையே. ஆயினும் எந்த அவையும் எல்லாருக்கும் உரியதாக இருந்ததில்லை. பகவான் மகாவீரரின் தாய்வழிப் பாட்டனார் சேடகர் தலைமை தாங்கிய வைசாலிக் கணராச்சியமும் இத்தகையதே. ஒரு முடியின்கீழ் அன்றிப் பலர் கூடி ஆண்ட நாடு அது; எனினும் அப்பலரும் க்ஷத்திரியக் குடும்பத்தார். சேடகரின் மகள் வயிற்றுப் பேரனான அஜாதசத்துருவே படையெடுத்து அதனை அழித்தான் என்பது துயரமான செய்தி.

காஞ்சி நெசவாளர்க்கு ஒரு காலத்தில் கிடைத்த பொறுப்பைச் சென்னை அருங்காட்சியகத்தில் உள்ள உத்தம சோழன் செப்பேடு காட்டுகிறது. கச்சிப்பேட்டில் நான்கு சேரிகளில் வாழ்ந்த பட்டசாலிகள் என்னும் நெசவாளர்களிடம், ஊரகத்துப் பெருமாள் கோயிலின் காரியங்களை மேற்பார்க்கும் பணி ஒப்படைக்கப்பட்டது. வேதம் கற்றவரே கணக்குப் பார்க்கத் தக்கவர் என்று உத்தரமேரூர் விதித்த அதே நூற்றாண்டில், இழை எண்ணிப் பழகிய கைகளும் கணக்குக்கு ஏற்றவை என்று காஞ்சி கண்டுகொண்டது. (பட்டுநூல் பற்றி நம் அகிம்சை எழுப்பும் வினா தனிக் கட்டுரைக்கு உரியது.)

விசயநகர வேந்தர் காலத்துச் செய்தி ஒன்றுதான் நம் வினாவுக்கு மிக நெருங்கிய விடை தருவது. 1368-ஆம் ஆண்டு ஆனெகொந்தி, பெனுகொண்டா முதலிய நாடுகளைச் சேர்ந்த சமணர்கள், வைணவ பக்தர்கள் தமக்கு இழைக்கும் கொடுமைகளை முதலாம் புக்கரிடம் முறையிட்டனர். சிரவணபெளிகொளத்துக் கல்வெட்டு நடந்ததை விரிவாகக் கூறுகிறது. திருவரங்கம், திருமலை, திருநாராயணபுரம் ஆகியவற்றோடு பெருமாள் கோயிலாகிய காஞ்சியிலிருந்தும் வைணவப் பெரியோர் வரவழைக்கப்பட்டனர். அனைவர் முன்னிலையிலும் மன்னர் சமணரின் கையைப் பற்றி வைணவரின் கையில் வைத்தார். இரு தரிசனங்களுக்கும் இடையே வேற்றுமை இல்லை. ஐந்து பெருவாத்தியங்களும் கலசமும் சமணர்க்கும் உரியன. சமணர்க்கு நேரும் தீங்கைத் தமக்கு நேர்ந்த தீங்காக வைணவர் கொள்ள வேண்டும் என்று ஆணையிட்டார். சமணர் வீட்டுக்கு ஆண்டுக்கு ஒரு பணம் தண்டி, அதில் பெளிகொளத்துக்கு இருபது காவலர்களை அமர்த்தவும், எஞ்சியதைக் கொண்டு பாழடைந்த ஜினாலயங்களைப் புதுக்கவும் திருமலைத் தாதய்யாவிடம் பொறுப்புத் தரப்பட்டது.

இதனைப் பாராட்டாதவர் இல்லை. நானும் பாராட்டுகிறேன். ஆயினும் உற்று நோக்கின், காவலுக்கான செலவைக் கொடுமைக்கு ஆளானவர்களே ஏற்க நேர்ந்தது; அப்பணமும் மற்றத் தரப்பாரின் பெரியவர் கையிலேயே சேர்ந்தது. இன்றைய நோக்கில் இது முழு நீதி ஆகாது. அப்படியிருந்தும் இத்தீர்ப்பைப் பல்லவன் தந்த நிலதானத்தைவிட உயர்ந்ததாக நான் கருதுவதற்குக் காரணம் உண்டு. புக்கர் அருகநெறியாளர் அல்லர், விருபாட்சரை வழிபட்டவர். நம்மீது அன்பு கொண்டு அவர் ஆணை இடவில்லை. எண்ணிக்கையில் மிக்கவரையும் குறைந்தவரையும் ஒரே அவையில் நிறுத்தி, இருவருக்கும் பொதுவான ஒரு விதியைக் கல்லில் எழுதினார். மீறுவோர் அரசுக்கும் சங்கத்துக்கும் சமுதாயத்துக்கும் துரோகிகள் என்றும் அறிவித்தார். மன்னர் மனம் மாறினும் கல் அங்கேயே இருந்தது.

அடுத்த இருபது ஆண்டுகளுக்குள், 1387-இல், இரண்டாம் புக்கரின் அமைச்சரான இருகப்பர் தம் ஆசிரியர் புஷ்பசேனரின் சொற்படி திருப்பருத்திக்குன்றத்தில் சங்கீத மண்டபத்தை எழுப்பினார். நாம் அண்ணாந்து பார்த்து மகிழும் ஆதிநாதர் வரலாற்று ஓவியங்கள் உள்ள மண்டபம் அதுவே. சைவ, வைணவப் பெருமக்கள் நிறைந்த அரசவையில் சமணர் ஒருவர் அமைச்சராக இருந்து, தம் கோயிலை வெளிப்படையாகக் கட்ட முடிந்தது. அதற்கு முந்தைய தலைமுறையில் பிறந்த அத்தீர்ப்பும் அதற்கு ஒரு நிலைக்களன் என்று கொள்வதில் தவறில்லை.

கும்பினி ஆட்சியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1763-இல் ஆர்க்காட்டு நவாபு காஞ்சி உள்ளிட்ட செங்கற்பட்டுப் பகுதியை அதற்கு ஜாகீராகத் தந்தார். 1780-இல் ஐதர் அலியின் படை காஞ்சிக்கு அருகே புள்ளலூரில் கும்பினிப் படையை அழித்தபோது, இரு தரப்பாரின் போருக்கும் விலை கொடுத்தவர்கள் சுற்றியிருந்த குடியானவர்கள். அரிஸ்டாட்டிலின் வகைகளுள் அடங்காத ஆட்சி அது. கணக்கு எழுதுவதில் கும்பினியாரை விஞ்சியவர் இல்லை. ஆனால் அக்கணக்கு இலண்டன் மாநகரில் இருந்த பங்குதாரர்களுக்குக் காட்டப்பட்டதே அன்றி, வரி செலுத்திய காஞ்சி நெசவாளனுக்குக் காட்டப்பட்டதில்லை. ஆகவே, கணக்கு இருந்தால் போதாது; எவரிடம் காட்டப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

இன்று நாம் வாழ்வது வாக்குச் சீட்டின் ஆட்சியில். பலர் கூடிச் சொல்வதால் அது அறிவுடைமை ஆகிவிடுமா என்று சமுதாயப் பெரியோர் சிலர் கேட்பதுண்டு. ஆகாதுதான். ஆனால் வாக்குரிமையின் பெருமையை வேறிடத்தில் தேட வேண்டும். பரதரும் பாகுபலியும் படைகளோடு எதிர்நின்றபோது, இருவரும் சரமசரீரிகள், இவர்களுக்காக எண்ணற்ற வீரர் மடிவானேன் என்று அமைச்சர்கள் தடுத்தனர். திருஷ்டி யுத்தம், ஜல யுத்தம், மல்ல யுத்தம் என்ற மூன்றால் வெற்றி தோல்வி முடிவு செய்யப்பட்டது. படைவீரன் ஒருவனும் சாகவில்லை. அரசுரிமைப் போட்டியிலிருந்து கொலையை நீக்க முடியும் என்று நம் புராணம் காட்டிய வழி இது. தேர்தலும் அவ்வழியே செல்வது.

காஞ்சியே இதற்குச் சான்று. அவ்வூரில் 1909-இல் பிறந்த சி. என். அண்ணாதுரை 1957-இல் காஞ்சித் தொகுதியில் வென்று சட்டமன்றம் சென்றார். 1962-இல் அதே ஊரார் அவரைத் தோற்கடித்தனர். தோற்றவர் தலை தப்பியதா என்று எவரும் கேட்கவில்லை. 1967-இல் மார்ச் 6-ஆம் நாள் அவரே முதலமைச்சரானார். இருபது ஆண்டு ஆண்ட கட்சி கோட்டையை விட்டு இறங்கிச் சென்றது. அவர் கொள்கைகளை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் விருப்பம். பல்லவர் காலத்திலோ சோழர் காலத்திலோ இத்தகைய மாற்றத்துக்கு எத்தனை உயிர்கள் தேவைப்பட்டிருக்கும் என்பதை மட்டும் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்டவர்கள் இந்த ஒரு காரணத்துக்காகவே வாக்குரிமையைப் போற்றலாம்.

ஆனால் எண்ணூற்றில் ஒருவராக உள்ளவர்க்கு வாக்குப்பெட்டி மட்டும் காவலாகாது. பெரும்பான்மையோர் நினைத்தால் வாக்குகளாலேயே நம்மை நெருக்கவும் முடியும். அதனால்தான் அரசியலமைப்பில் சமய உரிமையும், சிறுபான்மையோர் தம் மொழி, பண்பாடு, கல்வி நிலையங்களைக் காக்கும் உரிமையும் தனித்தனியே எழுதப்பட்டன. எவ்வளவு வாக்கு வாங்கியவரும் நினைத்த மாத்திரத்தில் தாண்டக் கூடாத எல்லைகள் அவை. சீமங்கரர் செய்த வேலையின் தொடர்ச்சி. நம்மீது அன்பு கொண்ட அரசன் வரவேண்டும் என்று காத்திருப்பதைக் காட்டிலும், நம்மீது அன்பில்லாதவர் ஆளும்போதும் தாங்கத்தக்கதாக உள்ள முறையை விரும்புவதே சிறு சமுதாயத்துக்கு அறிவுடைமை என்பது என் துணிபு.

2014-ஆம் ஆண்டு சனவரி 27-ஆம் நாள் மைய அரசு சமணரைச் சிறுபான்மைச் சமுதாயமாக அறிவித்தது. பல்லாண்டுக் கோரிக்கை நிறைவேறியதில் மகிழ்ந்தோம். அதன்பின் சில கூட்டங்களில் அதனை ஆள்வோர் இட்ட கொடையாகவே கருதி, பள்ளிச்சந்தம் பெற்ற பழங்காலத்தார் போலப் புகழ்மாலை சூட்டும் போக்கைக் காண்கிறோம். எக்கட்சியார் ஆண்டாலும் இது நிகழ்கிறது. நன்றி கூறுதல் பண்பாடே. ஆயின் உரிமையைக் கொடை என்று நாமே பேசினால், தந்தவன் திரும்பப் பெறவும் உரிமை உடையவன் என்று நாமே அவனுக்குக் கற்பித்தவர்களாவோம்.

அரசிடம் இவ்வளவு எதிர்பார்க்கும் நாம் நம் ஊர்க் கோயில்களிலும் சங்கங்களிலும் எந்த ஆட்சி முறையைக் கைக்கொள்கிறோம் என்பதும் கேட்கத்தக்கது. தந்தைக்குப் பின் மகன், அவருக்குப் பின் தம்பி என்று பொறுப்பு ஒரே வீட்டில் சுழலும் ஊர்கள் உண்டு. கேட்டால், ‘கோயிலுக்கு உழைக்க வேறு யார் முன்வருகிறார்கள்?’ என்பார்கள். அதில் உண்மை இல்லாமலில்லை. இளைஞர் சென்னைக்கும் பெங்களூருக்கும் சென்றுவிட்ட ஊரில் முதியவர் ஒருவரே விளக்கேற்றி, நெல் அளந்து, பூசைக்கு ஆளும் தேட வேண்டியிருக்கிறது. அவர்மீது குறை கூறுவது நன்றியின்மை. எனினும் அவர் உழைப்பைப் போற்றுவது வேறு. ஆண்டுக்கு ஒருமுறை வரவு செலவை அனைவரும் கேட்கப் படிப்பது வேறு. படிப்பது அவருக்கும் காவல்.

இன்னொன்று. பகவான் வகுத்த சங்கம் நான்கு உறுப்புகளை உடையது: முனிவர், ஆர்யிகை, சிராவகர், சிராவகி. நான்கில் இரண்டு பெண்களுக்கு உரியவை. ஆர்யிகையர்க்குச் சந்தனை அம்மையார் தலைமை பூண்டார். உத்தரமேரூர்க் குடத்தில் இல்லாத ஓலைகள் சமவசரணத்தில் முதலிலேயே இடம் பெற்றிருந்தன. ஆனால் நோன்பும் பூசையும் நடத்தி அறத்தை வீட்டில் காத்துவரும் நம் பெண்மக்களின் பெயர் எத்தனை ஊர்களில் கோயில் நிருவாகத்துக்கு எழுதப்படுகிறது? பெண்களையும் சேர்த்து நிருவாகிகளைத் தேர்ந்தெடுத்து, மகாவீரர் ஜயந்தி நாளிலோ வேறு பொதுநாளிலோ கணக்கைப் படிக்கும் வழக்கம் உள்ள ஊரார், தங்கள் நடைமுறையை இவ்விதழுக்கு எழுதி அனுப்பினால், பிற ஊரார் அறிந்துகொள்ள உதவியாக இருக்கும்.